கதவுக்கு அடியில் போன வயர்

மதுரை டாக்டர் சொன்னதில் என் மனத்தில் முதலில் தைத்தது ஜன்னல்தான். மகளைத் தனி அறையில் வைக்க வேண்டும், அந்த அறையின் ஜன்னல் இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும் என்றார். கீழே வெயிலில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்வது எளிது. கொடைக்கானலில் அப்போது ஐப்பசி மழை. மத்தியானச் சோறு ஆறுவதற்குள் பனிமூட்டம் ஏறி வந்துவிடும். திறந்த ஜன்னல் வழியாக உள்ளே புகுந்து, நெஞ்சில் நோய் கட்டிய பதினான்கு வயதுப் பெண்ணின் போர்வைமேல் ஈரமாய் உட்காரும். அதைப் பார்த்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தாமல் இருக்க வேண்டும்.

காசநோய்க்கு மருந்து வந்துவிட்ட காலம்தான் அது, தொண்ணூறுகளின் ஆரம்பம். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முதலில் கொடுத்த மாத்திரைகள் அவளுக்குக் காமாலையைக் கொண்டுவந்தன. நிறுத்தினார்கள், மாற்றினார்கள், மறுபடி ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தடவை மலை இறங்கிப் போகும்போதும் எக்ஸ்ரே படத்தில் அந்த வெள்ளைத் திட்டு பெரிதாகியிருந்தது.

நான் ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என் கணவர் ஒரு விருந்தினர் விடுதியில் மேற்பார்வையாளர். பள்ளிக் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் விறகும் தட்டுமுட்டும் போட்டுவைத்த சிறிய அறை. அந்த அறையைத்தான் ஒழித்து மகளுக்குக் கொடுத்தோம். மகனுக்குப் பத்து வயது. அக்காவின் அறைக்குள் அவன் போகக் கூடாது. அவள் தொட்ட தட்டு, புத்தகம், துண்டு எதுவும் அவன் கைக்கு வரக் கூடாது. அதுவரை ஒரே கட்டிலில் உதைத்துக்கொண்டு தூங்கியவர்கள். முதலில் சில நாள் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து கத்திப் பேசினார்கள். பேசினால் அவளுக்கு இருமல் வரும். இருமினால் இவன் எழுந்து ஓடிவிடுவான். பிறகு பேச்சு நின்றது. அவன் அந்தக் கதவைத் தவிர்த்து வெளியே சுற்றிக்கொண்டு சமையலறைக்கு வர ஆரம்பித்தான்.

"தம்பிக்கு என்னையக் கண்டா பயமாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல, படிக்கிறான்" என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சி அப்படியே ஆறியது. மாத்திரை கொடுத்தால் விழுங்குவாள், அவ்வளவுதான். அவள் சுவரைப் பார்த்துப் படுப்பதை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

இருவரிடமும் ஆளுக்கொரு வீடியோ கேம் இருந்தது. பள்ளியில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக் குடும்பம், தங்கள் பிள்ளைகள் விளையாடியதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. கையில் பிடித்து விளையாடும் சாம்பல் நிறப் பெட்டி, பச்சைத் திரை, உள்ளே நான்கு பென்சில் செல். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும், நிரம்பிய வரிசை அழிந்துவிடும். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறிய துளை உண்டு. அதில் ஒரு வயரைச் செருகி இரண்டு பெட்டிகளையும் இணைத்தால் இருவர் போட்டி போடலாம். அந்த வயர் மட்டும் எங்களுக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் கதவைத் தாண்டி எட்டியிருக்காது.

"அது கடையில கெடைக்காதும்மா" என்றாள் மகள், நான் அதைப் பற்றிக் கேட்டபோது. "மெட்ராஸ்லயே கெடைக்காது."

"நானே பண்றேன்."

"வாசல்ல ஒரு பெல்லு பண்ணி மாட்டினியே, அது மாதிரியா?"

நான் செய்த அந்த மணி மழை பெய்தால் தானாக அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கேட்ட பிறகு கழற்றிப் போட்டோம். அவள் கேலி செய்து வெகு நாளாகியிருந்தது. அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று. அதன் மேல் மூன்று, கீழே மூன்று மெல்லிய உலோகக் கீற்றுகள். அந்த நாக்கை மேலும் கீழும் கவ்வுகிற மாதிரி ஒரு முனை செய்ய வேண்டும். கண்ணாடி மாதிரித் தெரியும் சோப்பு டப்பாவின் மூடியை அறுத்து, இரண்டு சிறு தட்டைகளாக அரத்தில் ராவினேன். கெட்டுப்போன டார்ச்சின் பித்தளைத் தகட்டை மெல்லிய கீற்றுகளாகக் கத்தரித்து அவற்றின்மேல் ஒட்டினேன். ஒன்று மற்றொன்றைத் தொட்டுவிடக் கூடாது. என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டுதான் செய்ய முடிந்தது. டெலிபோன் வயர் வாங்கிவந்தேன். பள்ளி ஆய்வகத்திலிருந்து சால்டரிங் அயர்ன் எடுத்துவந்து, புகை வீட்டுக்குள் வராதபடி பின்வாசல் படியில் குடை பிடித்துக்கொண்டு பற்றவைத்தேன். மகன்தான் குடையைப் பிடித்தான்.

கதவுக்கு அடியில் விட்ட முதல் வயர் வேலை செய்யவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரி. இந்த முனையின் ஒவ்வொரு கீற்றும் அந்த முனையில் அதே இடத்துக் கீற்றுக்குத்தான் போகிறது. ஆனால் ஒரு பெட்டி இருப்பது மற்றதற்குத் தெரியவில்லை. மகன் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சு" என்றான். சொன்ன உடனே கதவைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டான்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "ஏலே, நீயும் நானும் ஒரே நேரத்துல பேசிக்கிட்டே கெடந்தா யாருதான் கேக்குறது? என் வாயி உன் காதுக்கு வரணும். டீச்சரம்மா வாய்க்கு வாய் கட்டிருச்சு."

படுத்துக்கொண்டே யோசித்திருக்கிறாள். அனுப்புகிற இழை, வாங்குகிற இழை இரண்டை மட்டும் பிரித்துக் குறுக்காக மாற்றிப் பற்றவைத்தேன். ஒரே நேரத்தில் இரண்டு பெட்டிகளும் ஒரே பாட்டைப் பாடின, ஒன்று கதவுக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.

அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஒரே அடியில் பல வரிசைகளை அழித்தால், மற்றவரின் அடுக்குக்கு அடியில் புது வரிசைகள் முளைத்து அதை மேலே தள்ளும். அடுக்கு உச்சியைத் தொட்டால் தோல்வி. எதிராளியின் அடுக்கு எவ்வளவு உயரம் என்பதைத் திரையின் ஓரத்தில் ஒரு குறி காட்டிக்கொண்டே இருக்கும்.

"அனுப்புறேங்க்கா, வாங்கிக்க."

"அனுப்புலே, பாக்குறேன் உன் சாமர்த்தியத்த."

அன்று ராத்திரி அவள் இரண்டு இட்லி தின்றாள். நான் சமையலறையில் நின்று அழுதேன். அந்த அழுகையை நம்பிக்கை என்று சொன்னால் தப்பு. டாக்டர் முந்தின தடவை என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னதை நான் வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

சில நாளில் பித்தளை பச்சை பூத்தது. ஜன்னல் திறந்த அறையின் ஈரம். ஆட்டம் நடுவில் நடுவில் அறுந்தது. ஒரு காலையில் மகளின் பக்கத்து முனையைத் தொட்டால் வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுத்தது. கீற்றுகள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"நல்லாத் தொடச்சுத்தான வச்சேன்" என்றார் கணவர்.

"எதுல தொடச்சீங்க?"

"தைலத்துல. வேற எதுல தொடைப்பாங்க?"

எங்கள் ஊரில் யூக்கலிப்டஸ் தைலத்துக்குப் போகாத கறையும் கிடையாது, கேட்காத வலியும் கிடையாது. விடுதியில் மேசை, கதவுப்பிடி, சீமெண்ணெய் நாற்றம் எல்லாவற்றுக்கும் அவருக்கு அதுதான் மருந்து. சோப்பு டப்பாவின் ஒரு துண்டைத் தைலத்தில் போட்டுப் பார்த்தேன். சற்று நேரத்தில் இளகிக் கரைய ஆரம்பித்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதத்தான புள்ள நெஞ்சுல தெனம் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

"நெஞ்சு பிளாஸ்டிக் இல்லப்பா" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

அவள் தலையணையில் தைலம், விரலில் தைலம், ஆவி பிடிக்கும் சட்டியில் தைலம். அவர் துடைக்காவிட்டாலும் அந்த முனை நிற்காது. ஐஸ் குச்சியில் ஒன்று செய்தேன், ஈரத்தில் உப்பிவிட்டது. உடைந்த சுவிட்சின் கறுப்பு பேக்கலைட்டை ராவிச் செய்தது கொஞ்ச நாள் தாங்கியது. எனக்கு அதற்குள் கை பழகிவிட்டது. பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வயரைத்தான் பார்ப்பேன். வயர் அறுந்திருந்தால் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். எந்த முனையும் ஒரு மாதம் முழுதாகத் தாங்கவில்லை.

டிசம்பரில் பள்ளிக்கு விடுமுறை விட்டு வளாகமே காலியானது. மழை விட்டு, காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. அவளுக்குச் சாயங்காலக் காய்ச்சல் மத்தியானத்திலேயே வர ஆரம்பித்தது. ஓர் ஆட்டம் ஆடினால் களைத்துப்போவாள். ஆனாலும், "தம்பியக் கூப்பிடும்மா" என்பாள். அவனும் வருவான். கதவில் முதுகைச் சாய்த்து உட்காருவான், ஓடிப்போவதை விட்டிருந்தான்.

அன்றும் அப்படித்தான். நான் அவனுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். "நாலு வரிசைம்மா, அனுப்பிட்டேன்" என்று அவன் சொன்னதும், உள்ளே அவள் இருமியதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. இருமல் எங்களுக்குப் பழகிப்போன சத்தம். நான் உரித்துக்கொண்டே இருந்தேன்.

"அக்கா ஆடலம்மா."

"யோசிக்கிறாளா இருக்கும்."

"யோசிச்சா இப்பிடி ஏறாது. கட்டை நேரா நேரா விழுது. திருப்பவே மாட்டேங்கிறா."

திரையை என் பக்கம் சாய்த்துக் காட்டினான். ஓரத்தில் இருந்த அந்தக் குறி கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. "அக்கா, திருப்புக்கா" என்று கதவைத் தட்டினான். குறி உச்சியைத் தொட்டது. அவன் பெட்டி, ஜெயித்தவர்களுக்கான பாட்டைப் பாடியது. பட்டாணி தரையெல்லாம் உருள நான் கதவைத் திறந்தேன். போர்வையில் இரத்தம். அவள் கண் திறந்துதான் இருந்தது. பெட்டி மடியில் கிடந்தது, கை அதன்மேல் இல்லை.

விடுதி ஜீப்பில் மலை இறங்கினோம். வத்தலக்குண்டு தாண்டும்போது என் மடியில் அவளுக்கு மூச்சு இருந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குள் தூக்கிக்கொண்டு போனபோதும் இருந்தது. அங்கே இரத்தம் மறுபடி வந்தது. அதற்குப் பிறகு எழுத என்னால் ஆகவில்லை.

மகன் இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறான். குரல் உடைந்துவிட்டது. வருஷக்கணக்காக அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. போன ஈஸ்டர் சமயத்தில் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "நான் அனுப்பின நாலு வரிசை போன பிறகுதானம்மா?" என்றான். எனக்கு முதலில் என்னவென்றே விளங்கவில்லை. விளங்கியதும் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். அந்த வயரில் போவது நாக்கில் வைத்தால்கூட உறைக்காத மின்சாரம். நுரையீரலில் ஒரு இரத்தக்குழாய் அரித்துப்போயிருந்தது. எந்த நிமிஷமும் நடந்திருக்கும் என்று டாக்டரே சொன்னார். அத்தனையும் உண்மை. என் வகுப்பில் பாடம் புரியாத பிள்ளைகள் தலையாட்டுவார்களே, அப்படித் தலையாட்டினான்.

அதற்கப்புறமும் கேட்கிறான். சாப்பிடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, வேறு ஏதோ பேச்சின் நடுவில். இப்போது கேள்வியைச் சுருக்கிவிட்டான். "அக்கா இருமினது முன்னாடியா, நான் அனுப்பினது முன்னாடியாம்மா?"

"இருமினதுதான் முன்னாடி" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எது முதலில் கேட்டதென்று எனக்குத் தெரியாது.