பால் கறக்கும் உயரத்தில் ஒரு கார்

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. யார் ஓட்டும் வண்டியில் ஏறினாலும் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். எங்கள் பயிற்சிக் காரில் இடது பக்க சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மற்ற கார்களில் அது கிடையாது என்பது என் காலுக்கு இன்றுவரை தெரியாது. புதிதாக ஓட்டக் கற்ற கணவனுக்கோ மனைவிக்கோ மகனுக்கோ பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் ரப்பர் விரிப்பை மிதித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கூட்டம்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் என் ஸ்கூல் இருக்கிறது. இனிமேல் கார்கள் தாமாகவே ஓடப் போகின்றனவாமே, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். சரசக்காவைப் பற்றிச் சொல்லத்தான் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

கேட்டு வந்தது

சரசக்கா நாமகிரிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கணவருக்கு ரிக் தொழில். போர்வெல் வண்டிகளோடு வருடத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில் இருப்பவர். பக்கத்து ராசிபுரத்திலேயே டிரைவிங் ஸ்கூல் இருக்கிறதே, ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். அங்கே கற்றுக்கொண்டால் சாயங்காலத்துக்குள் மகன் காதுக்குப் போய்விடும் என்றார். வீட்டில் சேலத்துப் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருந்தார்.

விஷயம் இதுதான். மகன் கோகுல் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தான். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. உள்ளே உட்காருவது மாட்டுக்குப் பால் கறக்க உட்காருவது போல இருக்கும் என்றார். ஊருக்குள் இருக்கும் வேகத்தடைகளில் அதன் அடிவயிறு உரசும் என்பதால் டிராக்டர் கொட்டகையிலேயே போர்வை போர்த்தி நின்றது. பக்கத்துக் களத்தில் காயும் மஞ்சளின் தூசி படிந்து போர்வையும் மஞ்சளாகிவிட்டது. இப்போது அதைக் கார் கம்பெனியிடமே கொடுத்துவிட்டு, தானே நிறுத்திக்கொள்ளும், தானே பிரேக் போடும் மின்சாரக் கார் ஒன்றை வாங்கப் போகிறான். புது வண்டி வந்த அன்றே பழையது போய்விடும். அதற்குள் ஒரு தடவை அந்தச் சிவப்பு வண்டியைத் தன் கையால் ஏற்காடு மலை ஏற்ற வேண்டும். ஒருநாள் மகனிடம் கேட்டாராம்; ஏறி இறங்கவே முடியாது உங்களால் என்று சிரித்துவிட்டான்.

"அவன் வச்சிருக்கறதுக்கு வாங்குனானுங்க டீச்சர். நான் ஓட்டறதுக்குத்தான கேக்கறேன்."

மொபெட் கை

சரசக்கா வருடக்கணக்காக மொபெட் ஓட்டியவர். முன்னால் தீவன மூட்டை, பின்னால் பால் கேன். அப்படிப்பட்டவர்களுக்குச் சாலை தெரியும், கார் தெரியாது. எதிரே ஏதாவது வந்தால் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பார்கள், பிரேக் அங்கே இருப்பதாக. அதே நேரத்தில் இரண்டு கால்களும் தரையைத் தேடி விரியும். அந்த ஒரு விநாடியில் வண்டியை ஓட்டுவது யாருமில்லை.

கோரிமேட்டுப் பக்கம் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. சரசக்கா ஸ்டியரிங்கைப் பிழிந்தார். நான் என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். முன்னால் நின்ற ஆடு பம்பரை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. சரசக்கா தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, முகத்தில் கொஞ்சம் பெருமையுடன் சொன்னார்:

"நல்லாப் புடிச்சதுங்க பிரேக்கு."

பின் சீட்டு

எங்கள் தொழிலில் ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருப்பார். சரசக்காவின் முறைக்கு முன்னும் பின்னும் நவீன் இருந்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன். அப்பாவின் பிடுங்கல் தாங்காமல் வந்து சேர்ந்தவன். கியர் போடுவதைவிட கியர் எதற்கு என்று பேசுவதில் விருப்பம் அதிகம். அவன் சொன்னதில் ஒன்றை மட்டும் சரசக்கா காதுகொடுத்துக் கேட்டார். புது வண்டிகளுக்கு முன்னால் ஆள் நின்றால், ஓட்டுகிறவர் எவ்வளவு மிதித்தாலும் நகராமல் நின்றுவிடும், கேமரா பார்த்துக்கொள்ளும் என்றான். யார் நின்றாலும் அப்படித்தானா என்று கேட்டார். யார் நின்றாலும் என்றான். சேலை கட்டிக்கொண்டு நின்றாலும் தெரியுமா என்று மறுபடி கேட்டார். எனக்கு அது வெறும் பயம் என்றுதான் பட்டது.

இன்னும் கொஞ்ச வருடத்தில் காரில் ஸ்டியரிங்கே இருக்காது, எல்லோரும் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டே போகலாம் என்று நவீன் முடித்தான். சரசக்கா கண்ணாடியில் அவனைப் பார்த்தார். அவர்கள் வீட்டுக் காரில் டிரைவரும் கணவரும் முன்னால். இவருடைய இடம் கல்யாணமான நாளிலிருந்து பின்னால்.

"பின் சீட்டுல நான் முப்பது வருசமா உக்காந்திருக்கேன் சாமி. அங்க ஒண்ணும் இல்ல."

ஆரத்தி

லைசென்ஸ் வந்த வாரத்தில் சரசக்கா போன் செய்தார். மின்சாரக் கார் சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டது. நாளைக் காலை பூஜை, கம்பெனி ஆள் அப்போதே சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். குரலில் அழுகை இல்லை. பூஜைக்கு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். பயிற்சிக் காரிலேயே போனேன். வாசலில் புது வண்டி ரோட்டைப் பார்த்து நின்றது. நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம். பூசாரி பூசணிக்காயில் சூடம் ஏற்றிச் சுற்றி ரோட்டில் உடைத்தார். கோகுல் ஏறி உட்கார்ந்தான். சரசக்கா ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தார்.

சுற்றிவிட்டு ஒதுங்குவதுதான் வழக்கம். அவர் ஒதுங்கவில்லை. கண்ணை மூடி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். கோகுல் வண்டியை லேசாக நகர்த்தப் பார்த்தான். டிங் என்று ஒரு சத்தம். வண்டி எலுமிச்சம்பழத்தைத் தொட்டு நின்றது. மறுபடி மிதித்தான். மறுபடி டிங். கம்பெனி ஆள் ஏதோ சென்சார் என்று ஆரம்பித்தார். அதற்குள் கோகுலின் பெரியம்மா, பழம் நசுங்கவில்லை என்று சபைக்கு அறிவித்துவிட்டார். பூசாரி கடிகாரத்தைப் பார்த்து ராகு காலம் பிறந்துவிட்டது என்றார். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அடுத்த வளர்பிறையில் இன்னொரு நல்ல நாள் பார்ப்பது, புதுசு வாசலைத் தாண்டாமல் பழசு வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று முடிவானது. கம்பெனி ஆள் வெறுங்கையோடு மோர் குடித்துவிட்டுப் போனார்.

சரசக்கா தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு, குங்குமக் கையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்தத் தம்பி சொன்னது நெசந்தானுங்க. சேலை கட்டியிருந்தாலும் தெரியுதுங்க அதுக்கு."

பல் டாக்டர்

அவர் என்னை எல்லோருக்கும் சேலத்துப் பல் டாக்டர் என்று அறிமுகப்படுத்தியிருந்தார் என்பது பந்தியில்தான் தெரிந்தது. கோகுலின் பெரியம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்து கடைவாய்ப் பக்கம் விரலால் காட்டினார். நான் கையில் வடையோடு இருந்தேன். உள்ளே பார்த்தேன். சூடாக எதுவும் சாப்பிட வேண்டாம் என்று சொன்னேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்து இன்னும் இரண்டு பேர் வாய்களோடு வந்தார்கள்.

கோகுல் மரியாதைக்காரப் பையன். பாயசம் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தான். அம்மாவை ஒரு தடவை பார்த்தான். சரசக்கா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் குனிந்து என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்:

"ஏனுங்க டாக்டர், உங்க கிளினிக் வண்டியில எல் போர்டு மாட்டியிருக்குதுங்களே?"

இடது கால்

உண்மையைச் சொன்னதும் அவன் கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தான். அம்மாவின் போட்டோவை நிறைய நேரம் பார்த்தான். கீறல் விழுந்தால் கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான் என்றான். சரசக்கா கையை நீட்டினார். சாவி வந்தது. ஒரு நாள் காலை மட்டும், டீச்சர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு முன் களத்தில் பழக வேண்டும் என்றேன். காயப்போட்ட மஞ்சளை ஓரமாகக் கூட்டி இடம் செய்தார்கள். போர்வையை எடுத்தபோது, அந்தச் சிவப்பு எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அந்த வண்டியில் கிளட்ச் கிடையாது. பெடல் இரண்டுதான், இரண்டும் வலது காலுக்கு. என் ஸ்கூலில் கற்றவர்களுக்கு இதுதான் ஆபத்து. இடது கால் பழக்கத்தில் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை அழுத்திவிடும். சரசக்கா அழுத்தினார். இரண்டு பேரும் முன்கண்ணாடிக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்தோம். களத்துமேட்டில் நின்ற கோகுல் முகத்தை மூடிக்கொண்டான். இந்த வண்டியில் இடது காலுக்கு வேலையே இல்லை, அதை மறந்துவிடுங்கள் என்றேன். அவர் அந்தக் காலைக் கொஞ்ச நேரம் இரக்கத்தோடு பார்த்தார்.

"சும்மா இருக்கற காலு தானுங்களே, மடிச்சு உக்காந்துக்கட்டுங்களா?"

ஏற்காடு

லைசென்ஸ் இருந்தும், என் பயத்துக்காக முன்னும் பின்னும் எல் ஸ்டிக்கர் ஒட்டினேன். ஸ்போர்ட்ஸ் காரில் எல் ஸ்டிக்கரைப் பார்த்து அடிவாரத்து டீக்கடையே எழுந்து நின்றது. இரண்டே சீட்டு என்பதால் கோகுலுக்கு இடமில்லை. நவீனும் லைசென்ஸ் வாங்கியிருந்தான். பயிற்சிக் காரைப் பின்னால் ஓட்டிவர அவனை அழைத்திருந்தேன். கோகுல் அதில், பழக்கம் இல்லாத ஒரு பின் சீட்டில் ஏறினான். தெரியாமல் கால் பட்டால் பிரேக் பிடித்துவிடும் என்று முன் சீட்டில் அவனை நான் விடவில்லை.

வேகத்தடைகளைச் சரசக்கா நேராக ஏறவில்லை. ஒரு சக்கரம் ஏறி, பிறகு இன்னொன்று ஏறும்படி சாய்வாகக் கொண்டுபோனார். தீவன மூட்டையோடு மொபெட்டை அப்படித்தான் ஏற்றுவாராம். அடிவயிறு எங்கேயும் உரசவில்லை. முதல் கொண்டை ஊசி வளைவில் என் வலது கால் கார்பெட்டை மிதித்தது. இரண்டாவதில் இன்னும் அழுத்தி மிதித்தது. டீச்சர், அங்க ஒண்ணும் இல்லீங்க, காலை எடுத்துக்கங்க என்றார் அவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். அடுத்த வளைவில் மேலிருந்து ஒரு பஸ் வந்தது. ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டு அது நின்றது. பஸ் டிரைவர் எங்களை மேலிருந்து, கிணற்றுக்குள் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்து, கையை அசைத்தார். சரசக்கா ஸ்டியரிங்கைப் பிழியவில்லை. வண்டி ஒரு முறை உறுமி ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்று தெரியவில்லை. அவருக்கும் வந்தது. அதற்குப் பிறகு வந்த வளைவுகள் எல்லாவற்றிலும் நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் போனோம்.

ஏரிக்கரையில் நிறுத்தினோம். பின்னாலேயே பயிற்சிக் கார் வந்தது. நவீன் இறங்கி, வழியில் ஒரு தடவைகூட போனைத் தொடவில்லை என்று தானே ஆச்சரியப்பட்டான். சரசக்கா சாவியை மகனிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. சிவப்பு வண்டியின் பின்புறத்தைச் சுற்றி வந்தான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வந்ததில் தலை கலைந்திருந்தது.

"இத்தன நாளும் உள்ளயே உக்காந்திருந்தேம்மா. வெளிய இதோட சத்தம் இப்பிடிக் கேக்கும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

போன்

வளர்பிறையில் புது வண்டிக்குப் பூஜை நடந்தது. இந்த முறை எல்லோரும் நன்றாகவே ஒதுங்கி நின்றார்களாம். எலுமிச்சம்பழம் நான்கும் ஒழுங்காக நசுங்கின. கோகுல் அதில்தான் இப்போது போய் வருகிறான். அது தானாக நிறுத்திக்கொள்கிறது, தானாக விலகுகிறது. அதன் பின் சீட்டில் சரசக்காவின் கணவர் சாய்ந்து உட்கார்ந்து தூங்குகிறார். அவருக்கு அங்கே ஏதோ இருந்திருக்கிறது.

புதன்கிழமைகளில் என் தெருவில் ஒரு சிவப்பு வண்டி வந்து நிற்கிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் இப்போது வெளியே வருவதுகூட இல்லை. சத்தத்தை வைத்தே மணி சொல்கிறார்கள். சரசக்கா டீ குடித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த பெண்கள் யாராவது இருந்தால் இடது காலைப் பற்றி எச்சரித்துவிட்டுப் போவார். அப்படி ஒரு புதன்கிழமை கம்பெனி ஆள் கோகுலுக்குப் போன் செய்து, பழைய வண்டியை எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறார். தான் சொன்ன பதிலைக் கோகுலே என்னிடம் அப்படியே சொன்னான்:

"அது அம்மா வண்டிங்க, அவியளைக் கேட்டுத்தான் சொல்லோணும். இப்ப ஊட்ல இல்லீங்க, பல் டாக்டருகிட்டப் போயிருக்காங்க."

நாளைக்குக் கார்கள் தாமாகவே ஓடட்டும், நல்லதுதான். ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஒருவர் பஸ் ஏறி வரும்வரைக்கும், பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்க ஓர் ஆள் வேண்டியிருக்கும்.