ஓட்டைக் காலுறை லத்தீன்

ஜெர்மனியில் மார்க் காசு போய் யூரோ வந்த வருடம்தான் அக்கா லத்தீன் படிக்கத் தொடங்கினாள். எனக்கு வயிறு எரியத் தொடங்கியதும் அப்போதுதான். டோர்ட்மண்டில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அவளைக் கூப்பிட்டு, "ரெண்டு வரி சொல்லிக் காட்டுங்கோ பிள்ளை" என்பார். சொல்லி முடித்ததும் அவள் தலையைத் தடவுவார். கெட்டிக்காரர் போகும் கிம்னாசியம் பள்ளி அவளுக்கு, லத்தீனே இல்லாத பள்ளிக்கூடம் எனக்கு. என் தலையும் பக்கத்தில்தான் இருந்தது. அதை யாரும் தடவவில்லை.

மே, மாதா வணக்க மாதம். ஊரில் செய்ததுபோலவே தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாலையில் வீட்டுக்கு வீடு கூடிச் செபமாலை சொல்லும். எங்கள் முறை வந்த அன்று, செபம் முடிந்து தின்ன ரோல்ஸ் வருவதற்கு முன் அக்காவின் லத்தீன் கச்சேரி நடந்தது. பொறுக்க முடியாமல் நானும் எழுந்தேன்.

"எனக்கும் லத்தீன் தெரியும்."

தெரிந்தது ஒரே வரி. பள்ளி இடைவேளையில் கூட்டாளிகள் சொல்லிச் சிரிக்கும் போலி லத்தீன், ஜெர்மன் சொற்களுக்கு லத்தீன் வால் ஒட்டியது. மாதாகோயிலில் பூசை வைக்கும் சுவாமியின் ராகத்தில் இழுத்தேன்: "ஸொக்குஸ் லொக்கும் ஹாபெட்." காலுறையில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

பெரியம்மா கண்ணை மூடிச் சிலுவை போட்டார். மற்றவர்கள் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள். அப்பாவின் கை என் தலைக்கு வந்தது. பயத்தோடு அக்காவைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் என் மானம் கப்பலேறிவிடும். அவளோ ரோல்ஸ் தட்டை எடுக்கக் குசினிக்குப் போய்விட்டாள்.

நானும் பின்னாலேயே போனேன்.

"ஆர் உனக்கு இதைச் சொல்லித் தந்தது?" என்றாள்.

"கூட்டாளிமார். ஏன், இது லத்தீன் இல்லையோ?"

"ஹாபெட் உண்மையான லத்தீன்தான். மற்றது ரெண்டும் இல்லை." தட்டை எடுத்தவள் என் பக்கம் திரும்பினாள். "வேறயும் தெரியுமோ? எனக்கும் சொல்லித் தாவன்."

அப்பாவிடம் கோள்மூட்டத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "ஏலாது" என்று சொல்லிவிட்டு, தடவிய தலை கலையாமல் ஓடிப்போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெரிய பள்ளியில் அவள் ஒருத்திதான் தமிழ்ப் பிள்ளை. லத்தீன் படிக்கும் பிள்ளைகள் இடைவேளையில் சொல்லிச் சிரிப்பதும் இப்படிப்பட்ட வரிகளைத்தான். அவள் வகுப்பிலும் சிரித்திருப்பார்கள். அதை அவளிடம் வந்து சொல்ல ஒரு கூட்டாளிகூட அவளுக்கு இல்லை என்பதும், அன்று எங்கள் வீட்டில் பொறாமைப்பட்டது நான் மட்டும் இல்லை என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை.