சைபர் அக்கா

திரையில் இருக்கும் கணினி முகவரியைப் படிப்பதற்கு முன் அக்கா அதன் வால் பக்கத்தை மவுஸால் நீவிப் பார்க்கிறார். நீல நிறம் கடைசி எண்ணைத் தாண்டி ஒரு மயிரிழை நீண்டாலும் பிடித்துவிடுவார். "வெத்து எடம்னு நெனைக்காத. அங்க ஒருத்தன் சத்தமில்லாம உக்காந்திருக்கான்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியை ஒரே தட்டில் அழிக்கிறார்.

எங்கள் நிறுவனம் விற்பது, கணினிகளில் ஓட்டை இருக்கிறதா என்று வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் மென்பொருள். எதைத் தட்ட வேண்டும் என்று வாடிக்கையாளர் முகவரி கொடுப்பார். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். அதை வாங்கிப் படித்து உள்ளே அனுப்பும் பகுதியை எழுதுவது அக்கா. பதினாறு வருடமாக அதே வாசலில்தான் காவல்.

வீட்டிலும் இதே கதைதான். நாளைக்குச் சீக்கிரம் எழுப்பும்மா என்று மகள் சொன்னால், "சீக்கிரம்னா எத்தன மணி? முழிக்கிற மணியா, எந்திரிக்கிற மணியா?" என்பார். கணவர் இப்போதெல்லாம் பதிலைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறாராம்.

சைபர் அக்கா என்பது இணையப் பாதுகாப்பு வேலை என்பதால் வந்த பட்டப்பெயர் என்று புதிதாகச் சேருபவர்கள் நினைப்பார்கள். இல்லை, இது பூஜ்யம் என்கிற பழைய சைபர். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் வந்தால் சில நிரல்கள் பத்துப் பத்தாக எண்ணாமல் எட்டு எட்டாக எண்ணும். 010 என்பது நமக்குப் பத்து, அவற்றுக்கு எட்டு. நான்கு வருடம் முன்பு ஒரு மருந்துக் கிடங்கில், வரிசை அழகாக இருக்கட்டும் என்று யாரோ பத்தை அப்படி அடித்துவிட்டார்கள். மென்பொருள் போய் எட்டாம் எண்ணைத் தட்டியது. அது குளிர் அறையை ஓட்டும் கிழட்டுக் கணினி. தட்டின தட்டில் படுத்துவிட்டது. ஆட்கள் கவனிப்பதற்குள் ஒரு லாரி மருந்து வீண். அக்கா நேரில் போய், பெட்டிகள் குப்பை வண்டியில் ஏறுவதைக் கடைசிப் பெட்டி வரை நின்று பார்த்தார். "அந்த வரிய எழுதுனது நான்தான்" என்று சொல்லும்போது இன்றும் குரல் இறங்கிவிடும். கேட்கும் எனக்குத்தான் மனசு தாங்காது.

அன்றிலிருந்து முன்னால் பூஜ்யம் வந்தால் மென்பொருள் நின்று, பத்தா எட்டா என்று கேட்கும். வாடிக்கையாளர்களுக்கு எரிச்சல். நேற்றுக் கூட்டத்தில் மேலாளர், அந்தக் கேள்வியையே தூக்கிவிடலாம், பூஜ்யத்தை உதறிவிட்டுப் பத்து என்று எடுத்துக்கொள்ளலாம், எந்த மனுஷன் எட்டை இப்படி எழுதுவான் என்றார். நியாயமாகத்தான் பட்டது. நானும் தலையாட்டினேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா வாதாடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறது என்று கடைசியாகப் புகார் அனுப்பியவரைப் போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"010-ன்னு போட்டிருக்கீங்களே, பத்தா எட்டா?"

"எட்டுங்க. பழைய மெஷின் எடுத்துக் குடுத்த லிஸ்ட்டு, அது அப்படித்தான் எழுதும். பத்துல கை வச்சிராதீங்க, அது லிஃப்ட் ஓட்டுறது."

அக்காவின் முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை.

"சரியாக் கேக்கலங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். சொல்லிக்கொண்டே போனை மேலாளர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.