மாமிக்குத் தெரிந்த விட்பி மனுசி

இரண்டு வருடங்களுக்கு முந்திய ஒரு பெப்ரவரி மாதம். இடம், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், மோர்னிங்சைட் பகுதியில் ஒரே கூரைக்குள் கடைகள் நிறைந்த ஒரு மோல். கடைகள் இன்னும் திறக்காத காலை நேரம். வெளியே பனி கொட்டும் மாதங்களில் எங்கள் தமிழ்ச் சனத்தில் வயதானவர்கள் நடப்பது இந்த மோல்களுக்குள்தான். தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி ஒரு கதிரையில் போட்டுவிட்டு, பூட்டிக் கிடக்கும் கடைகளைச் சுற்றி இரண்டு இரண்டு பேராகக் கதைத்தபடி நடப்பார்கள். களைத்தால் சாப்பாட்டுக் கடைகளின் பக்கம் உட்கார்ந்து ஆளுக்கொரு ரீ. டொக்டரைப் பற்றி, கனவில் வந்த செத்துப்போன அண்ணரைப் பற்றி, யாருக்குக் கலியாணம் சரிவந்தது என்பதைப் பற்றி எல்லாம் அங்கே பேசி முடித்துவிடுவார்கள்.

நான் அங்கே நடக்கப் போகவில்லை, வேலைக்குப் போனேன். நகரத் திட்டமிடல் பிரிவில் வேலை. அப்படிச் சொன்னால் ரோட்டில் எங்கே கிடங்கு கிண்டுவது என்று முடிவெடுக்கிறவள் என்றுதான் என் சொந்தக்காரர் நினைப்பார்கள். அதற்கு நான் ஒன்றும் சொல்வதில்லை. உண்மையான வேலையை விளங்கப்படுத்தினால் கொட்டாவி விடுவார்கள்.

விசயம் இதுதான். வீடு கட்டுவதற்கு ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு நகரங்களுக்குக் காசு கொடுக்கிறது. சும்மா கொடுக்காது. எந்த இடத்தில், யாருக்கு, என்ன மாதிரியான வீடு தேவை என்று நகரம் ஒரு திட்டம் எழுத வேண்டும். சனத்தைக் கேட்டுத்தான் எழுதினோம் என்று காட்டவும் வேண்டும். மோர்னிங்சைட்டில் நகரத்துக்குச் சொந்தமான பழைய கார் நிறுத்தும் நிலம் ஒன்று இருந்தது. அதில் முதியோருக்கான அடுக்குமாடி ஒன்று கட்டுவதைத் திட்டத்தில் சேர்ப்பதா, இல்லையா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். தேவை என்று ஆட்கள் சொல்லாவிட்டால் நிலம் வேறு ஏதாவதற்குப் போய்விடும். எனக்கோ அந்தக் கட்டடம் வரவேண்டும் என்று மனதுக்குள் ஒரே ஆசை. அந்தப் பகுதியில் எங்கள் வயதானவர்கள் எத்தனை பேர் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதல் கூட்டத்தை ஒரு பின்னேரம் நூலக மண்டபத்தில் வைத்தோம். பெரிய பெரிய மட்டைகளில் படங்கள். இளம் குடும்பங்களுக்கான வீடு, பிள்ளை பராமரிப்பு நிலையம், முதியோருக்கான வீடு என்று ஒவ்வொரு மட்டையிலும் ஒவ்வொன்று. வருகிறவர்கள் தங்களுக்கு எது தேவையோ அதில் வட்ட ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நல்ல கூட்டம். எங்கள் ஆட்களும் நிறைய வந்தார்கள். வயதானவர்கள் ஒருவரும் தனியாக வரவில்லை. மகன்தான் காரில் கூட்டி வந்தான், மருமகள் பக்கத்தில் நின்றாள். ஸ்டிக்கரைக் கையில் கொடுத்தால் நேரே பிள்ளை பராமரிப்புப் பக்கம் போய் ஒட்டினார்கள். எங்களுக்கு என்ன, இளம் ஆட்களுக்குச் செய்யுங்கோ என்றார்கள். முதியோர் மட்டையில் ஒட்டியிருந்த ஒரேயொரு ஸ்டிக்கர், யாரோ ஒருவரின் குழந்தை விளையாட்டாக ஒட்டியது.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். வீட்டுக்குக் கீழே, நிலத்தடி பேஸ்மென்றுக்குள் இருமிக்கொண்டு கிடக்கிற ஆட்கள் தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சிரிக்கிறார்களே என்று ஸ்டியரிங்கில் அடித்தேன். பிறகுதான் மூளை வேலை செய்தது. மகன் பக்கத்தில் நிற்கும்போது எனக்குத் தனி வீடு வேண்டும் என்று எந்தத் தாய் சொல்வாள்? சொன்னால் மகன் கவனிக்கவில்லை என்று ஊருக்கு அறிவித்த மாதிரி ஆகிவிடும்.

அதனால்தான் மோல். அங்கே பிள்ளைகள் இல்லை. மேலதிகாரியிடம் கேட்டேன், சரி என்றார். அவர் நியூபவுண்ட்லாந்துக் கரையோரத்தில் மீன்பிடிக் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பெண். அதிகம் பேசமாட்டார், ஆனால் நன்றாகக் கேட்பார். தானும் வருவதாகச் சொன்னார்.

நான் இன்னொரு தந்திரமும் செய்தேன். என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் வீடு வாங்கும் வரை மாமி மோர்னிங்சைட்டில்தான் எங்களோடு இருந்தவர். அந்த மோலில் நடக்கிற பாதிப்பேர் அவருடைய சிநேகிதிகள். மாமியை உட்கார வைத்தால் சுற்றிவர நாலுபேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். தூண்டிலில் புழுவைக் குத்துகிற கணக்குத்தான். காரில் ஏறும்போது மாமி நல்ல சேலை கட்டி, பவுடர் பூசி, கோயிலுக்குப் போகிற மாதிரி வெளிக்கிட்டிருந்தார். அது ஏன் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

மேசையைப் போட்டோம். நினைத்தபடியே ஆட்கள் வந்தார்கள். ஆனால் கதை வேறு மாதிரிப் போனது. முதலில் வந்த அங்கிள் ஒருவர், "எனக்குத் தெரிஞ்ச ஒரு சிநேகிதன் இருக்கிறார் பிள்ளை. பேஸ்மென்றில இருக்கிறார். படி ஏறி இறங்க ஏலாது, முழங்கால் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே தன் முழங்காலைத் தடவினார். நான் மேலதிகாரிக்கு மொழிபெயர்த்தேன். அந்தச் சிநேகிதரை நேரில் வரச் சொல்ல முடியுமா என்று அவர் கேட்டார். அங்கிள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவர் வெளியில வாறேல்லை என்று சொல்லி, நொண்டி நொண்டி அடுத்த சுற்று நடக்கப் போனார்.

அடுத்து வந்த அன்ரிக்குத் தெரிந்த ஒருவர் பேரப்பிள்ளைகளின் அறையில் மெத்தை போட்டுப் படுக்கிறாராம். இன்னொருவருக்குத் தெரிந்தவர், மகள் வீட்டில் மூன்று மாதம், மகன் வீட்டில் மூன்று மாதம் என்று பெட்டியோடு திரிகிறாராம். ஒருவராவது 'நான்' என்று வாய் திறக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு பயமும் வந்தது. தெரிந்த ஒருவர், தெரிந்த ஒருவர் என்று எழுதிக் கொடுத்தால் திட்டத்தில் அதற்கு என்ன மதிப்பு?

அப்போதுதான் மாமி எழும்பி வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. மேலதிகாரியைப் பார்த்து வணக்கம் சொன்னார். இவர் என் மாமியார் என்று நான் இன்னும் அறிமுகப்படுத்தியிருக்கவில்லை.

"எனக்கும் ஒரு மனுசியைத் தெரியும்" என்று தொடங்கினார் மாமி. "விட்பியில இருக்கிறா. பெரிய வீடு. மகன் நல்லவன். மருமகள் அவனைவிட நல்லவ. சாப்பாட்டுக்கு, மருந்துக்கு ஒரு குறையும் இல்லை."

மேலதிகாரி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்த்தேன்.

"காலமை எல்லாரும் வெளிக்கிட்டுப் போனால் பின்னேரம் வரைக்கும் கதைக்க ஒரு சீவன் இல்லை. பஸ் எடுக்க எவ்வளவோ தூரம் நடக்கவேணும். எல்லா வீடும் ஒரே மாதிரி. ஒருநாள் சும்மா நடந்துபோட்டுத் திரும்பி வரேக்கை, தன்ர வீடு எது எண்டு தெரியாமல் குளிருக்குள்ள நிண்டவ. வாசலில பேரன் பந்து போடுற வளையத்தைக் கண்டுதான் வீட்டைப் பிடிச்சவ. அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

எனக்கும் அது தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம்தான். தனி அறை, தனிக் குளியலறை, பல்வலி என்றால் லீவு போட்டுக்கொண்டு ஓடுகிறேன், இன்னும் என்ன வேண்டும், அதையும் சபையில் வைத்தா சொல்வது என்று உள்ளுக்குள் கொதித்தது. ஆனால் சம்பளம் வாங்குகிற வேலை. அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்மணிக்கு என்ன விருப்பம் என்று மேலதிகாரி கேட்டார். ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, இறங்கினால் பஸ், ஒருவரையும் கார் எடு என்று கெஞ்சாமல் தானாகக் கோயிலுக்குப் போய்வர வேண்டும், அவ்வளவுதான் என்றார் மாமி. அப்படியானால் ஏன் இன்னும் இப்போது இருக்கிற முதியோர் வீடு ஒன்றுக்குப் பெயர் கொடுக்கவில்லை என்று அடுத்த கேள்வி வந்தது.

மாமி சேலைத் தலைப்பை மடித்தார், விரித்தார்.

"அவ போனால் ஊர் மகனை ஒண்டும் சொல்லாது. மருமகள்தான் மாமியைக் கலைச்சுப்போட்டாள் எண்டு சொல்லும். அந்தப் பிள்ளை ஒரு பிழையும் செய்யேல்லை. அதின்ர பேர் கெடக்கூடாது எண்டுதான் அவ வாய் திறக்கிறேல்லை."

இதை நான் எப்படி மொழிபெயர்த்தேன் என்று இன்றைக்கும் சரியாக நினைவில்லை. 'மருமகள்' என்ற சொல்லுக்கு வந்தபோது ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லி முடித்தேன். கொஞ்சம் முன்னால் கொதித்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் பெயரைக் காப்பாற்றத்தான் இந்த மனுசி நாள் முழுக்க அந்த வீட்டுக்குள் தனியாக இருந்தாரா என்று நினைக்க நெஞ்சு வலித்தது. அவருக்கு எல்லாம் செய்கிறவள் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்குச் செய்தது என் கண்ணில் படவே இல்லை.

எங்கள் கேள்விகளில் இல்லாத ஒன்றை அப்போது நானாகச் சொன்னேன். "உங்களுக்குத் தெரிஞ்ச அந்த மனுசியிட்டச் சொல்லுங்கோ மாமி. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலாது. அது அந்த மருமகளுக்கும் தெரியும். அவ தாங்குவா எண்டு சொல்லுங்கோ."

மாமி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லிப் பாக்கிறன்" என்றார். பிறகு எழும்பி, சிநேகிதி ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்று நடக்கப் போனார்.

திரும்பி வரும்போது காரில் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வழியில் ஏஜாக்ஸ் நகரம் தாண்டிய பிறகு, என் மேலதிகாரி போட்டிருந்த சப்பாத்து நல்ல சப்பாத்து, வழுக்காது என்று மாமி சொன்னார். நானும் ஓம் என்றேன்.

அடுத்த நாள் மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். அந்த விட்பி மனுசி வேறு யாரும் இல்லை, மேசைக்கு முன்னால் இருந்த அதே அம்மாதான், அவர் என் மாமியார், ஆகவே அவர் சொன்னதைச் சேர்ப்பது முறையில்லை என்றேன். மேலதிகாரி சிரித்தார். முழங்காலைத் தடவின அங்கிளைப் பார்த்தபோதே தனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாம். அவருடைய கிராமத்திலும் தன் படகு ஒழுகுகிறது என்று ஒருவரும் சொல்லமாட்டார்களாம், யாரோ ஒருவரின் படகு ஒழுகுவதாகக் கேள்வி என்றுதான் சொல்வார்களாம். மாமி சொன்னதைக் கணக்கில் சேர்க்காமல் நீக்கிவிட்டார். கேள்வியையும் மாற்றினார். உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு என்ன மாதிரியான வீடு தேவை என்று கேட்கச் சொன்னார். அதே மோலுக்குத் திரும்பவும் போனோம். முதியோர் மட்டையில் இடம் போதாமல் ஓரமெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். முழங்கால் அங்கிள் தன் சிநேகிதனுக்காக ஒன்று ஒட்டிவிட்டு, மனைவி கேட்டதாகச் சொல்லி இன்னொன்றும் வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் கதைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கணவரிடம் நான் சொல்லவில்லை, தனியாகப் போக விருப்பம் என்று மாமியே சொன்னார். கணவர், நான் என்ன பிழை விட்டனான் அம்மா என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்க எனக்கே பாவமாக இருந்தது. மாமி அவருடைய தலையைத் தடவி, "ஒரு பிழையும் இல்லையடா. உன்ர வீட்டுக்கு ஒருக்கா விருந்தாளியா வந்துபார்க்க எனக்கு ஆசையா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு கணவர் மறுத்துப் பேசவில்லை.

திட்டம் நகரசபையில் நிறைவேறியது. மத்திய அரசின் காசும் வந்தது. பழைய கார் நிலத்தில் இப்போது அத்திவாரம் வெட்டுகிறார்கள். மாமி பெயர் கொடுத்திருக்கிறார், ஆனால் அவருக்கு முன்னால் நீண்ட வரிசை. இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதுவரை, மோலில் தன்னோடு நடக்கிற சிநேகிதி அன்ரி ஒருவரின் அப்பார்ட்மென்றில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் விட்பிக்கு வருகிறார். வரும்போது விருந்தாளி மாதிரிப் பழம் வாங்கி வருகிறார். இரண்டு பஸ்ஸும் ஒரு ரெயினும் மாறித் தானே வருகிறார். காரில் கூட்டிவர வாறன் என்றால் கோபிக்கிறார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. போன கோடையில் ஒரு கலியாண வீட்டில், தூரத்துச் சொந்தக்காரி ஒருவர் பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்து, "என்ன பிள்ளை, மாமியை வெளியில அனுப்பிப்போட்டீராம்?" என்று குழைந்த குரலில் கேட்டார். நான் பல நாளாகத் தயாராக வைத்திருந்த பதில் வாய்க்குள் இருந்தது. அதற்குள் எதிரே இருந்த மாமி கரண்டியை வைத்துவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். "ஓம். நான்தான் போகவேணும் எண்டு கேட்டனான். கேட்டதைக் குடுக்கிற மருமகள் எனக்கு வாய்ச்சிருக்கு." பிறகு என் இலையைப் பார்த்து, பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் பாயாசம் போடுங்கோ என்றார்.

அன்றையிலிருந்து, வேலையிலும் சரி வீட்டிலும் சரி, யாராவது தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிட என்னால் முடிவதில்லை. யாருடைய பெயரைக் காப்பாற்றுவதற்காக இவர் இப்படிச் சொல்கிறார் என்றுதான் மனம் முதலில் கேட்கிறது.