கர்த்தரிடம் சொல்லவும் லைசென்ஸ்

தபிதாவை ஒரு இடத்தில் உட்காரவைப்பது பெரும்பாடு. சித்தூர் வீட்டு மாடியறையில், மனசு சரியில்லை என்று வருகிறவர்கள் சொல்வதை மணிக்கணக்கில் அசையாமல் கேட்பவளும் அவளேதான். அவர்கள் படியிறங்கியதும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவாள். இந்த வருஷம் நடை அதிகம். மனநல ஆலோசகராக டில்லியில் முறைப்படி வாங்கிய பதிவு அவளிடம் இருக்கிறது. இப்போது புதுச் சட்டம், புது கவுன்சில் என்கிறார்கள். பழைய பதிவு செல்லுமா, மறுபடி பதிய வேண்டுமா என்று போன் போட்டுக் கேட்டால், "சூஸ்தாம் மேடம்", பார்க்கலாம் என்று தெலுங்கில் பதில் வருகிறது. பார்க்கட்டும், பார்த்துக்கொண்டே இருக்கட்டும்! ஒன்றில் மட்டும் யாருக்கும் குழப்பமில்லை. வந்தவர் பெயர் வெளியே போகக் கூடாது. புகார் எழுந்தால் பதிவே பறிபோகலாம்.

இது அவள் மாமியார் கிரேஸுக்குப் புரியவே இல்லை. அவர்கள் சபையில் காய்ச்சலோ கல்யாணத் தடையோ, ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று பெயர் சொல்லி ஜெபம் கேட்பதுதான் அன்பு. கிரேஸ் கெட்டவள் இல்லை. தொல்லையே அதுதான்.

சனிக்கிழமை கேசியா கண்ணைத் துடைத்தபடி படியிறங்குவதை கிரேஸ் பார்த்துவிட்டாள். கேசியா சபைச் செயலாளர் கிருபானந்தத்தின் மகள். சத்தியவேட்டில் தங்கி வேலைக்குப் போனவள், கம்பெனி பஸ்ஸில் ஏறினாலே மூச்சு அடைக்கிறது என்று திரும்பி வந்துவிட்டாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிவிட்டுத்தான் இங்கே வருகிறாள். "நைனாவுக்குத் தெரிஞ்சா அதோட வரமாட்டேங்க்கா" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"பாவம், அந்தப் பொண்ணு அழுதுகினு போறா. நாளைக்குச் சபையில சொல்லி ஜெபிக்கச் சொல்றேன்" என்றாள் கிரேஸ்.

"வேணாம் அத்தே. இங்க யாரு வராங்கன்னே வெளிய சொல்லக் கூடாது. சட்டம்."

"கர்த்தர்கிட்ட சொல்றதுக்குமா லைசென்ஸ் வேணும்?"

தபிதா அன்றிரவு தூங்கவில்லை.

மறுநாள் ஆராதனையில் போதகர் ஜெபக்குறிப்பு கேட்டதும் கிரேஸ் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"ஐயா, நம்ம சபைப் பொண்ணு ஒருத்தி, மனசு சரியில்லாம தவிச்சிக்கினு இருக்கா..."

மூன்று வரிசை முன்னால் கேசியாவின் கழுத்து விறைத்தது. பக்கத்தில் அவள் அம்மா. அத்தையின் கையைப் பிடித்து இழுத்தால், எதை மறைக்கிறாள் என்று சபையே தேடும். அடுத்த மூச்சில் பெயர் வந்துவிடும். தபிதா எழுந்து நின்றாள்.

"அது நான்தான், ஐயா. தூக்கம் இல்ல. மனசு ஒரு நிலையில இல்ல. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

கிரேஸ் வாய் திறந்தபடி மருமகளைப் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள். போதகர் தபிதாவின் பெயரைச் சொல்லி உருக்கமாக ஜெபித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போதே பேச்சு தொடங்கிவிட்டது. "ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவளுக்கே இப்படியா?" தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பேச அவளை அழைத்திருந்த டீச்சரம்மா, அப்புறம் பார்க்கலாம் என்று நழுவினாள். தபிதாவுக்கு அவமானமாகத்தான் இருந்தது.

"உன் பேரை நீயே கெடுத்துக்கினியே" என்று வீட்டில் கிரேஸ் அழுதாள். பெயர் கெட்டவளிடம் கேசியா இனி வருவாளா என்பதுதான் அவள் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மாலை அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். நேரம் தாண்டியது. அப்புறம் படியில் காலடி. கேசியா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நேத்தாவது தூங்கினீங்களாக்கா?"

"இல்ல" என்றாள் தபிதா. பொய் சொல்லத் தோன்றவில்லை.

"கீழே உங்க அத்தை நாற்காலியைச் சுவத்துப் பக்கமா திருப்பிப் போட்டுக்கினு கீரை ஆயறாங்க. ஸ்தோத்திரம்னு சொன்னேன். என் குரலே தெரியாத மாதிரி யாரும்மா போறதுன்னு கேட்டாங்க. ஆனா திரும்பிப் பாக்கவே இல்ல."

தபிதா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.