பஸ் திரும்பும் இடம்

புதன்கிழமை காலை பஸ்ஸில் ஏறியதும் எறோல் முதலில் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அடுத்ததாகக் கொண்டக்டரின் முகத்தைப் பார்ப்பார். "தம்பி, நாலு நிமிசம் பிந்திட்டுது" என்று சொல்லிவிட்டுத்தான் இடப்பக்க யன்னலோரம் உட்காருவார். கோபத்தில் சொல்வதல்ல, மற்றவர்கள் சுகம் விசாரிப்பார்களே, அதுபோல. கொண்டக்டர்களும் பழகிவிட்டார்கள். "ஓம் ரைம்கீப்பர் ஐயா, ரோட்டில மாடு" என்பார்கள். மாடு படுக்காத நாளிலும் அதே பதில்தான்.

முப்பத்தொரு வருடம் பஸ்களை நேரம் பார்த்து அனுப்பிய மனிதர் அவர். சித்தாண்டி, கல்குடா, மட்டுநகர் வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சிற்றூர்கள் எல்லாமே அவருக்கு வாய்ப்பாடு. எந்த பஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், எத்தனை மணிக்கு அங்கிருந்து கிளம்பும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அந்த ஊர்களில் பாதியை அவர் கண்ணால் கண்டதில்லை. முதல் பாதிக் காலம் சோதனைச்சாவடிகள் விடவில்லை, மறு பாதிக் காலம் வேலை விடவில்லை. ஓய்வு பெற்ற அன்று ஒரு சாரதி மாலையைப் போட்டுவிட்டுப் பகிடியாகக் கேட்டார்: "நீங்க அனுப்பின பஸ்ஸெல்லாம் எங்க போய்த் திரும்புது எண்டு ஒருக்காலாவது பாத்தீங்களா ஐயா?" எல்லோரும் சிரித்தார்கள். எறோலும் சிரித்தார். அடுத்த புதன்கிழமையே புறப்பட்டுவிட்டார்.

ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசித் தரிப்பில் இறங்குவார். அது முன்னும் பின்னுமாகப் போய்த் திரும்பிக் கிளம்பும்வரை நின்று பார்ப்பார். பிறகு குளத்துக்கட்டு, வரம்பு, கிரவல் வீதி என்று நடந்து, வேறொரு பஸ் ஓடுகிற வேறொரு வீதியில் ஏறுவார். வந்த வழியே திரும்புவது அவருக்கு ஆகாது. இந்த நடைக்கு அவர் போட்டுப் போவது இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டும் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்தும். யாரிடமும் வழி கேட்கமாட்டார். ஊரே தன்னிடம் கேட்டுப் பழகியதால் தான் ஒருவரிடம் கேட்க அவருக்கு நா எழும்பாது. அதனால் ஒருமுறை எருமைகள் புரளும் சேற்றுக்குள் இறங்கியிருக்கிறார். இன்னொரு முறை முன்பின் தெரியாத கல்யாண வீட்டுக்குள் நுழைந்து, மாப்பிள்ளை பகுதி என்று நினைத்தவர்கள் விளம்பிய சோற்றை மறுக்க முடியாமல் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

மனைவி இவோன் மூன்று வருடமாக இந்த நடைகளுக்கு வர மறுத்தாள். "பஸ் திரும்பிற இடத்தில என்ன கிடக்கப்போகுது? பஸ் திரும்பிறதுக்கு இடம் கிடக்கும்" என்பாள். அவளுக்குத் தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிற வேலை. வீட்டில் தையல் வேலையும் உண்டு. பிறகு அவளுடைய தங்கை ஹேசல் ஒருநாள், இஸ்திரிச் சேட்டுப் போட்டுக்கொண்டு புதன்தோறும் வெளிக்கிடுகிற புருசனை ஒருக்கால் பின்னால் போய்ப் பார்ப்பது நல்லது என்று வேடிக்கையாகச் சொன்னாள். புதன் இரவுகளில் மட்டும் எறோல் உற்சாகமாக இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிடுவது இவோனுக்கும் நினைவு வந்தது. அப்படித்தான் போன தை மாதம், மூன்றாவது புதன், நீலப்பூக் கவுனும் துணிச் சப்பாத்துமாக அவளும் கிளம்பினாள். ஒரே ஒரு நிபந்தனை. சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு அன்று மாலை ஆறு மணிக்குப் பாட்டுப் பயிற்சி. எட்டுப் பேர் அவளுக்காகக் காத்திருப்பார்கள்.

"அஞ்சு அம்பதுக்கு நீ வீட்டில" என்றார் எறோல்.

மருதஞ்சேனை என்கிற படுவான்கரை ஊரில் இறங்கினார்கள். கதிர் பிடித்த வட்டை வயல் இரண்டு பக்கமும் மஞ்சள் ஏறி நின்றது. குளத்துக்கட்டில் இவோன் பத்தடிக்கு ஒருதரம் நின்றாள். தாமரை இலைமேல் நடக்கிற பறவையைக் காட்டி அதன் பெயர் என்ன என்றாள். எறோலுக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் நடந்தும் தெரியாதா என்றாள். அந்தப் பறவை நடக்கிற இடத்தில் பஸ் நிற்பதில்லையே என்றார். வம்மி மர நிழலில் சோற்றுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு, மூன்றேமுக்காலுக்கு அவர் குறித்து வைத்திருந்த வீதிக்கு வந்தார்கள். நாலு மணிக்கு பஸ்.

நாலு மணி ஆனது. நாலே கால் ஆனது. எறோல் பிந்துகிறது என்றார். நாலரைக்கும் அதையே சொன்னார். அந்த பஸ் திரும்ப வேண்டிய வெட்டைவெளியில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. ஒரு சில்லுத்தடம் கூட இல்லை. வந்து நின்றதுமே அவர் அதைக் கண்டுவிட்டார். சொல்லத்தான் வாய் வரவில்லை.

வட்டையில் கிளி விரட்டிவிட்டுத் தகர டின்னும் தடியுமாக வந்த சீதேவி என்ற பெண்தான் அவர்களைப் பார்த்து நின்றாள். "ஆருக்குக் காவல் நிக்கிறீங்க?" என்றாள். பஸ்ஸுக்கு என்றாள் இவோன். போன மாரி வெள்ளம் மதகைக் கொண்டுபோனதிலிருந்து இந்த வீதிக்கு பஸ்ஸே இல்லை, ஐந்தரைக்குப் பிறகு குளத்துக்கட்டில் யானை இறங்கும், இங்கே நிற்கவேண்டாம் என்று சீதேவி சொன்னாள். ஓட்டோவைக் கூப்பிடலாமென்றால் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வட்டைக்குள்ளால் குறுக்கே கிறுகிப் போனால் ஆற்றங்கரை, அங்கே ஐந்து மணிப் பாதையில் ஏறலாம் என்று அவள் கை காட்டினாள். அந்தப் பக்கத்தில் வாவியை ஆறு என்பார்கள். ஆளையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரை கொண்டுபோகும் இரும்பு மிதவையைப் பாதை என்பார்கள்.

எறோல் அசையவில்லை. வந்த வழியாலேயே திரும்பிப் போய்விடலாம் என்றார். அது ஏழு கிலோமீற்றர். போகிற வழியில்தான் குளத்துக்கட்டு. அவருடைய குரல் தணிந்திருந்தது. தன் வாய்ப்பாட்டில் ஓட்டை விழுந்ததை அதற்குள் ஒத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. இவோன் அவர் கையைப் பிடித்தாள்.

"எறோல், இது உங்கட ஸ்டாண்ட் இல்ல. இது இவட ஊர். இவ சொல்றதக் கேப்பம்."

எறோல் சீதேவியின் பக்கம் திரும்பி, வாழ்நாளில் முதல் தடவையாக, ஆற்றங்கரைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டார்.

"ஒரு வெத்தில போட்டுத் துப்பிற நேரம்" என்றாள் அவள்.

எறோல் கடிகாரத்தைப் பார்த்து விழித்தார். இவோன் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

சீதேவி முன்னே போனாள். வரம்பு ஒற்றையாள் அகலம்; எறோலின் சப்பாத்து இரண்டு முறை சறுக்கியது. கடைசியில் வாவிக்கு ஓடும் சின்னத் தோணா ஓடை குறுக்கிட்டது. முழங்கால் தண்ணீர். எறோல் குனிந்து நாடாவை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதற்குள், கவுனை அள்ளிச் செருகிக்கொண்டு இவோன் பாதித் தூரம் போய்விட்டாள். நடுவில் நின்று, தண்ணீர் சூடாக இருக்கிறது என்று அவருக்கு அறிவித்தாள். சீதேவி அக்கரை மேட்டிலிருந்து கண்ணா மரச் சதுப்புக் காட்டுக்குள் போகும் தடத்தைக் காட்டிவிட்டு, விளக்கேற்ற வேண்டும் என்று திரும்பிவிட்டாள். அவளுக்கு நன்றி சொல்லக்கூட அவர்களுக்கு மூச்சு மிச்சமில்லை.

கண்ணாவைத் தாண்டியபோது பாதை கரையை விட்டுக் கிளம்பி ஒரு வள்ளத் தூரம் போயிருந்தது. எறோல் நின்றுவிட்டார். ஐந்து மணி என்றால் ஐந்து மணி. அது அவருக்குத் தெரிந்த சட்டம். ஆனால் இவோன் தேவாலயத்தின் கடைசி வாங்குப் பலகை வரைக்கும் கேட்கிற தொண்டையால் கூப்பிட்டாள். பாதை நின்றது. பிறகு மெல்லப் பின்னால் வந்தது.

ஏறியதும் எறோல் பாதைக்காரன் கோணாமலையிடம், நன்றியோடுதான், வெளிக்கிட்ட பிறகு திரும்பி வருவது முறையில்லை என்று சொன்னார். தான் ஒரு பஸ்ஸையும் அப்படித் திரும்ப விட்டதில்லை என்றார்.

"கரையில ஆள் நிக்கக்குள்ள எப்பிடி ஐயா விட்டுட்டுப் போற?" என்றான் கோணாமலை. அக்கரை போகும்வரை எறோல் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாவி முழுதும் மாலை வெயில். மட்டுநகரை நோக்கிக் கொக்குகள் தாழப் பறந்தன. இவோன் ஒரு மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நின்று, சனிக்கிழமைப் பாட்டின் மேல்குரலை முணுமுணுத்தாள்.

வாவியின் கிழக்கே எழுவான்கரைப் பெருவீதியில் கல்முனையிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினார்கள். போனில் கோடு வந்ததும் இவோன் தேவாலயத்துக்கு அழைத்தாள். அரை மணி பிந்தும், ஓர்கன் இல்லாமல் தொடங்குங்கள் என்றாள். ஏன் என்று அங்கே கேட்டார்கள்போல. "பஸ் திரும்பிற இடத்துக்குப் போன நான்" என்றாள், குரலில் பெருமை. அடுத்த புதன் எந்த ஊர் என்று எறோலைக் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டிக் கண்ணை மூடினாள்.

பஸ் நிறையச் சனம். பொது இடத்தில் மனைவியின் பக்கம் திரும்பிக்கூடப் பேசாத எறோல், அவளுடைய கவுன் விளிம்பை எடுத்துத் தன் மடியில் விரித்தார். அதில் வரிசையாக ஒட்டியிருந்த நாயுருவி விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, யன்னலுக்கு வெளியே போடத் தொடங்கினார்.