சோளகத்தில் போட்ட மேசை

"சோளகம்" எழும்பிய முதல் வாரத்திலேயே எங்கள் வீட்டின் வாசனை மாறிவிடும். மீன்கறியின் புளி மணம் போய், அவித்த மரவள்ளிக்கிழங்கின் ஆவி அடுப்படியில் குடியேறும். அந்தத் தென்மேற்குக் காற்று வீசும் நாலைந்து மாதமும் கற்பிட்டிக் கரையில் கடல் கொந்தளித்து, தோணிகள் எல்லாம் மணலில் கவிழ்ந்து கிடக்க, ஆண்கள் கூலிக்குப் புத்தளத்து உப்பளத்துக்குப் போவார்கள். உப்புநீரில் நின்று காலெல்லாம் வெடித்துத் திரும்பும் அந்த வேலை அப்பாவுக்கு வேப்பங்காய். ஆனாலும் வருடா வருடம் போனார். வெள்ளைக்காரன் ஆட்சி முடியச் சில வருடங்கள் இருந்தபோது வந்த ஒரு சோளகத்தில் மட்டும், போகவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதற்குக் காரணம் எங்கள் கோயில் சுவாமி, அதாவது பங்குப் பாதிரியார்.

சுவாமி மத்தியதரைக் கடலோரத்து இத்தாலிக்காரர்; அவரும் மீனவர் வீட்டுப் பிள்ளைதான். பிரசங்கத்தை எங்கே தொடங்கினாலும் கடைசியில் தன் ஊரில் போய்க் கரையேறிவிடுவார். அங்கே கடல் நீலம், வீடுகள் வெள்ளை. பின்னேரத்தில் மரத்தடியில் மேசை போட்டு, பாண் ரொட்டியை ஒலிவ எண்ணெயில் தோய்த்துத் தின்று, திராட்சை இரசம் குடித்து, குடும்பமே பாட்டுப் பாடும். மத்தியானத்தில் ஊரே படுத்துத் தூங்கும். ஒலிவமும் திராட்சையும் எங்களுக்குச் சுவிசேஷத்தில் மட்டும் தெரிந்த சாமான்கள் என்பதால், அது மோட்சத்துக்குப் பக்கத்து ஊர் என்றே நம்பினோம். அப்பா ஒரு படி மேலே போனார். பீடத்தில் நின்று சுவாமி சொன்னது வேதம், வேதத்தைக் கேட்டால் மட்டும் போதாது, அதன்படி நடக்கவும் வேண்டும் என்று முடிவுகட்டினார்.

எங்கள் வீட்டில் இருந்த ஒரே மேசையில் அந்தோனியார் சுரூபம் நின்றது. அப்பா அவரைத் தூக்கி அரிசிப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, மேசையைக் கொண்டுபோய்க் கடற்கரைப் பூவரசின் கீழே போட்டார்.

"அந்தோனியார வெறும் பெட்டியில நிப்பாட்டி வச்சிருக்கிறீங்களே!" என்றார் அம்மா.

"நல்லது. அவருக்கும் நிலைமை விளங்கட்டும்."

அன்று முதல் கிழங்கைத் தேங்காயெண்ணெயில் தோய்த்து அந்த மேசையில் தின்றோம். காற்றின் வீச்சில் ஒவ்வொரு வாயிலும் பாதி மணல். சாப்பிட்டதும் அப்பா பாடுவார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தவசு காலத்தில் இயேசுவின் பாடுகளை நினைத்துப் பாடும் ஒப்பாரிகள்தான் என்பதால், முதல் நாள் அக்கம்பக்கத்தார் யார் செத்தது என்று கேட்டு ஓடிவந்தார்கள்.

மத்தியானத்தில் அப்பா தூங்க, அம்மா தென்னோலையில் கிடுகு பின்னினார். அதைக் கடையில் கொடுத்து வாங்கிய கொஞ்ச அரிசியில் எனக்கும் தம்பிக்கும் கஞ்சி. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஓலை கிழித்த அம்மாவின் விரல்களுக்கு எண்ணெய் பூசிவிடுவது என் வேலை. ஒரு நாள் போத்தலைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டும் இல்லை. எல்லாம் மேசைக்குப் போயிருந்தது. அப்பாவின்மேல் எனக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் கோபம் வந்தது அன்றுதான்.

உப்பளத்துக் கங்காணி கடைசித் தடவையாக ஆள் எடுக்கப்போவது திங்கட்கிழமை என்று செய்தி வந்தது. அதைத் தவறவிட்டால் கடல் அடங்கும்வரை எங்களுக்குக் கஞ்சியும் இல்லை. சனிக்கிழமை அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவாமியிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார், நானும் பின்னால் போனேன். சுவாமிக்குக் காது மந்தம். உரக்கச் சொன்னால்தான் கேட்கும் என்பதால் ஊரார் அவரிடம் சில்லறைப் பாவங்களை மட்டும் சொல்லிவிட்டு, பெரியவற்றைத் திருவிழாவுக்கு வரும் வேற்றூர்ச் சுவாமிக்கென்று சேர்த்து வைப்பார்கள். அம்மா அன்று அந்த ஒழுங்கை மதிக்கவில்லை.

"என்ட பாவத்தச் சொல்ல வரல்ல சுவாமி, உங்கட பாவத்தச் சொல்ல வந்தன்!" வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. "உங்கட ஊர்க் கதையக் கேட்டுட்டு எங்கட மனுசன் உப்பளத்துக்குப் போக மாட்டாராம். மேசையில குந்திக்கொண்டு இருக்கிறார். பிள்ளைகள் மண்ணத் தின்னுதுகள்!"

 பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ளிருந்து சுவாமியின் இலக்கணத் தமிழ் மெதுவாகக் கேட்டது: "எத்தனை நாட்களாக, மகளே?"

"மூணு கிழமை! இருபத்தொரு நாள்!"

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சுவாமி வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது. ஆகவே ஞாயிறு பின்னேரம், காற்று வாங்க வந்தவர்போல் பூவரசடிக்கு வந்தார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்களிடமிருந்த ஒற்றைக் கதிரையைத் துடைத்து அவர் உட்காரப் போட்டார். சுவாமி கிழங்கைக் கடனுக்கு வாங்கிய எண்ணெயில் தோய்த்து வாயில் வைத்து, மணலோடு சேர்த்து மென்று விழுங்கினார்.

"உங்கட ஊர் மாதிரி இருக்குதா சுவாமி?"

"ஓம். அப்படியே இருக்கிறது." சுவாமியின் முகம் சிவந்துவிட்டது. "மகனே, நான் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த மேசை திருவிழா அன்று மட்டும்தான். மற்ற நாட்களில் எங்கள் வீட்டுக் கூரை வளையில் ஒரே ஒரு கருவாடு கயிற்றில் தொங்கும். எட்டுப் பிள்ளைகளும் வரிசையாகப் போய், கையிலிருக்கும் சோளக்களியை அதில் ஒரு தடவை தேய்த்துக்கொள்வோம். கடிக்கக் கூடாது. கடித்ததற்காக நான் அடி வாங்கியிருக்கிறேன். குருமடத்தில் மூன்று வேளை சாப்பாடு என்று கேள்விப்பட்ட பிறகுதான் எனக்குத் தேவ அழைத்தலே கேட்டது."

"அப்ப ஏன் சுவாமி இத நீங்க ஒருநாளும் சொல்லல்ல?"

"ஊரை விட்டு வந்து முப்பது வருடம். எனக்கே மறந்துபோயிற்று."

அப்பா எழுந்து வீட்டுக்குள் போனார். எங்களுக்கென்று மிச்சமிருந்த கடைசிக் கருவாட்டைச் சுட்டுக் கொண்டுவந்து சுவாமியின் தட்டில் வைத்தார்.

"கடிங்க சுவாமி," என்றார்.

சுவாமி கடித்தார். அவர் கண் கலங்கியது அழுகையால் என்பது அம்மாவின் கட்சி, மணலால் என்பது அப்பாவின் கட்சி. மறுநாள் விடியுமுன்பே அப்பா கங்காணியோடு போய்விட்டார். அந்தோனியார் தன் மேசைக்குத் திரும்பினார்.

இப்போது அந்தப் பூவரசு இல்லை. மணலில் கவிழ்ந்து கிடக்கும் தோணிகளும் அங்கே இல்லை. நாங்கள் பயந்த அதே சோளகத்தைத் தேடி வந்து, பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்காக ஒரு ஹோட்டல் எழும்பியிருக்கிறது. சுவர் வெள்ளை, கதவு நீலம், மணலில் வரிசையாக மேசைகள். என் தம்பியின் பேரன் அங்கேதான் பரிமாறுகிறான். போன மாதம் அவனைப் பார்க்கப் போனபோது, ஒரு குடும்பம் பாணை எண்ணெயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தது.

"இத்தாலிக்காரங்க," என்றான் அவன். "உங்கட ஊர்ல என்ன நிம்மதியான சீவியம் எண்டு நெடுகச் சொல்றாங்க."

உங்கள் பாட்டன் வீட்டு வளையில் என்ன தொங்கியது என்று அவர்களிடம் கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது, பாஷைதான் இல்லை.

"நீ சாப்பிட்டியா?" என்று பேரனைக் கேட்டேன்.

"அவங்க எழும்பினாப் பிறகுதான்."

அவனுக்கென்று பொரித்துக் கொண்டுபோன கருவாட்டுப் பொட்டலத்தை அந்த வெள்ளைச் சுவருக்குப் பின்னால் வைத்துப் பிரித்தேன். முதலாளி பார்க்கிறாரா என்று அவன் எட்டிப் பார்த்தான்.

"கடி," என்றேன்.